லிவா பாலைவனச் சோலைக்கு சாதாரண காரில் போகலாமா?

கேள்வி: அபுதாபி முஸஃபாவில் வேலை பார்க்கிறேன். ஜனவரியில் விருத்தாசலத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அவர்களையும் மனைவியையும் 7 வயது மகளையும் கூட்டிக்கொண்டு லிவாவுக்குப் போக ஆசை. எங்களிடம் இருப்பது சாதாரண செடான் கார். அதில் போகலாமா? ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? மணல் குன்றுகளுக்கு நடுவே குளம் இருக்கிற படங்களைப் பார்த்தேன். அது லிவாவில் எந்தப் பக்கம் இருக்கிறது?

பதில்: போகலாம். தார் ரோட்டை விட்டு இறங்காதவரை செடான் காரே போதும். ஒரே நாளில் போய்த் திரும்பவும் முடியும், ஆனால் அப்பாவை வைத்துக்கொண்டு அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் குளத்தைப் பற்றிப் பேசிவிடலாம். அதை எதிர்பார்த்துப் போனால் லிவா உங்களுக்கு ஏமாற்றமாகிவிடும்.

மணல் குன்றுகள் சுற்றி நிற்க, நடுவில் பச்சைத் தண்ணீர், ஓரத்தில் ஈச்ச மரங்கள். பாலைவனச் சோலை என்றதும் எல்லோர் மனதிலும் வரும் படம் இதுதான். அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. பெரு நாட்டில் இகா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாக்காசீனா ஒன்று. சீனாவில் துன்ஹுவாங் பக்கத்திலுள்ள பிறை வடிவக் குளம் இன்னொன்று. நீங்கள் பார்த்த படங்கள் அவற்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லிவாவில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. அது மணலுக்கு அடியில் இருக்கிறது.

லிவா ஒரு குளமோ ஒரே ஊரோ இல்லை. ரூப் அல் காலி என்ற பெரும் பாலைவனத்தின் வட விளிம்பில், கிழக்கிலிருந்து மேற்காக சுமார் 100 கிலோமீட்டருக்கு வில்போல வளைந்து கிடக்கும் சிற்றூர்களின் வரிசைக்குத்தான் லிவா என்று பெயர். ஒவ்வொரு ஊரும் குன்றுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் இருக்கும். பள்ளத்தில் தோண்டினால் சில மீட்டரிலேயே நல்ல தண்ணீர் வந்தது, அதனால் அங்கே பேரீச்சை வைத்தார்கள், குடியிருந்தார்கள். இன்றைய மழையால் ஊறிய தண்ணீர் இல்லை அது. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்தப் பகுதியில் நல்ல மழை பெய்த காலத்தில் இறங்கித் தேங்கியது. எடுத்தால் திரும்ப ஊறாது. பண்ணைகளில் பம்பு வைத்து இறைத்து இறைத்து நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. இதைவிட ஆச்சரியமான ஒன்றும் அங்கே நடந்திருக்கிறது. கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாய்வழியே லிவாவுக்குக் கொண்டுவந்து, மணலுக்கு அடியில் இறக்கிச் சேமித்து வைத்திருக்கிறார்கள். 2018-இல் திறந்துவைக்கப்பட்ட இந்தச் சேமிப்பின் கொள்ளளவு சுமார் 2.6 கோடி கன மீட்டர். ஏதாவது நெருக்கடி வந்தால் 10 லட்சம் பேருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் வீதம் 90 நாளுக்குக் கொடுக்கலாம். நீங்கள் அபுதாபியில் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் லிவாவின் மணல் ஒரு காவலாக நிற்கிறது. மகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். பார்க்க ஒன்றுமே இல்லாத வெறும் மணலாக அது அவளுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது. இன்றைய அபுதாபி ஆட்சிக் குடும்பம் லிவாவிலிருந்து வந்ததுதான். பனி யாஸ் குலத்தினரின் தாய்மண் இந்த ஊர்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அவர்கள் தலைமையிடத்தைக் கடலோரத்தில் உள்ள அபுதாபித் தீவுக்கு மாற்றினார்கள். சாலையோரம் ஆங்காங்கே தெரியும் சின்ன மண்கோட்டைகள் அந்தக் காலத்தை நினைவூட்டுபவை. சீரமைத்து வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் நின்று பார்க்கலாம், அப்பாவுக்கும் கால் வலிக்காது.

சரி, பயணத்துக்கு வருவோம். அபுதாபியிலிருந்து லிவாவின் நடு ஊரான மஸீராவுக்கு சுமார் 240 கிலோமீட்டர். நிதானமாக ஓட்டினால் மூன்று மணி நேரம் ஆகும். போகும்போது ஈ-11 நெடுஞ்சாலையில் தாரிஃப் வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பி மதீனத் சாயித் வழியாகப் போங்கள். கடை, பெட்ரோல் பங்க், கழிப்பறை எல்லாம் இந்த வழியில் கிடைக்கும். திரும்பும்போது கிழக்கே ஹமீம் வரை ஊர்களின் ஊடாகவே ஓட்டி, ஹமீம் சாலையில் அபுதாபி வந்து சேரலாம். மஸீராவிலிருந்து ஹமீம் வரையிலான அந்த ஓட்டம்தான் என்னைக் கேட்டால் இந்தப் பயணத்திலேயே அழகான பகுதி. ஒரு பக்கம் பேரீச்சந்தோப்பு, மறுபக்கம் ஆரஞ்சு நிற மணல். ஆனால் ஹமீம் சாலை ஆளரவம் குறைந்த சாலை, அதனால் மஸீராவிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். அபுதாபியில் பலகையில் போட்டிருக்கும் வேகம்தான் கேமராவின் வேகமும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மணலின் நிறம் போகப் போக மாறுவதைக் கவனியுங்கள். கடலோரத்தில் வெளிறி இருக்கும், அதில் சிப்பித் தூள் அதிகம். உள்ளே போகப் போகச் சிவக்கும். மணலின் மேல் படிந்த இரும்புத் துரு அதற்குக் காரணம்.

ஏன் ஓர் இரவு தங்கச் சொல்கிறேன்? ஜனவரியில் அங்கே சூரியன் மறைய ஏறக்குறைய 5.50 ஆகும். மணல் குன்றை வெயில் சாயும் நேரத்தில் பார்ப்பதுதான் பார்ப்பது, நண்பகலில் அதற்கு உருவமே இருக்காது. அஸ்தமனம் பார்த்துவிட்டுக் கிளம்பினால் இருட்டில் மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும், பின் சீட்டில் களைத்துப்போன பெரியவர்கள். தங்கிவிட்டால் விடிகாலையும் கிடைக்கும். மாலையைவிட அதுதான் மேல். இரவெல்லாம் காற்று மணலைத் துடைத்து வைத்திருக்கும், அதன்மேல் வண்டு, பல்லி, நரி எல்லாம் போன தடம் அச்சுப்போல இருக்கும். ஒரு குழந்தைக்கு அதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. மஸீராவிலும் மதீனத் சாயித் பக்கத்திலும் ஹோட்டல்கள் உண்டு, ஹமீம் பக்கம் விலை கூடிய ரிசார்ட்டும் உண்டு. வார நாளில் போனால் வாடகை குறையும். குளிர்கால அதிகாலையில் அந்தச் சாலைகளில் மூடுபனி கனமாக இறங்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். முன்னால் போகிற வண்டி தெரியாது. ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, பனி விலகிய பின் 9 மணிக்கு மேல் கிளம்புங்கள்.

புத்தாண்டையொட்டி, லிவாவில் உள்ள மொரீப் என்ற பெரிய மணல் குன்றின் அடியில் வண்டிப் பந்தயங்களோடு பெரிய திருவிழா நடக்கும். கூட்டமும் எஞ்சின் சத்தமும் பிடித்தவர்களுக்கு அது கொண்டாட்டம்தான். உங்கள் குடும்பத்துக்கு அது முடிந்த பிறகு, ஜனவரி நடுவில் போவது பொருத்தம்.

மொரீப் குன்றை அவசியம் பாருங்கள். மஸீராவிலிருந்து தெற்கே 25 கிலோமீட்டர் அளவில், சுமார் 300 மீட்டர் உயரம் என்று சொல்லப்படும் குன்று. அடிவாரம் வரை தார் ரோடு இருக்கிறது, செடான் கார் சிரமமில்லாமல் போகும். அந்த ரோடே குன்றுகளுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகும். குன்றுகளுக்கு நடுவே தட்டையாக வெள்ளை பூத்தாற்போல் தெரிவது உப்புத்தரை, ‘சப்கா’ என்பார்கள். கெட்டியான மைதானம்போலத் தோன்றும். காரை அதில் இறக்கவே கூடாது. மேலே இருப்பது வெறும் உப்புத் தோல், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உடைந்து, அடியில் உள்ள சேறு அச்சு வரை இழுத்துக்கொள்ளும்.

மணலில் மாட்டுவது குன்றின்மேல் ஏறுபவர்களுக்கு மட்டும்தான் நடக்கும் என்று நினைக்காதீர்கள். எனக்கு நடந்தது சாலையோரத்தில். படம் எடுப்பதற்காகத் தார் ரோட்டிலிருந்து இரண்டு மீட்டர்தான் இறக்கினேன், தரை கெட்டியாகத்தான் தெரிந்தது. திரும்ப எடுக்கும்போது முன்சக்கரம் சுழன்றது, நான் இன்னும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன், வண்டி அடிவயிறு தட்டும்வரை இறங்கிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தாமாகவே நிறுத்தி, கயிறு கட்டி இழுத்துவிட்டுப் போனார். அதனால் அழுத்திச் சொல்கிறேன்: வண்டி நிறுத்துவதற்கென்று தார் போட்ட இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். அதையும் மீறிச் சக்கரம் சுழல ஆரம்பித்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி ஒதுக்கி, டயர் காற்றைப் பாதியாகக் குறையுங்கள். டயர் தட்டையானால் பாரம் அகலமாகப் பரவும், சக்கரம் மணலை வெட்டாமல் மேலேயே உருளும். கார் மிதியடியைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். வெளியே வந்ததும் காற்று நிரப்பும்வரை வேகம் வேண்டாம், குறைந்த காற்றில் நெடுஞ்சாலை வேகம் போனால் டயர் வெடிக்கும். குன்றுகளுக்கு நடுவே போன் சிக்னலும் போய்விடும். அவசரம் என்றால் போலீசுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998.

குன்றுகளில் வண்டி ஏறி இறங்கும் சவாரிக்கு ஆசைப்பட்டால், உரிமம் பெற்ற நிறுவனத்தின் வண்டியில் போங்கள். இரண்டு வண்டி சேர்ந்து போகிறதா என்று கேளுங்கள். ஒற்றை வண்டி என்றால் வேண்டாம். அப்பாவையும் அம்மாவையும் அதில் ஏற்ற வேண்டாம். முதுகெலும்பு தூக்கிப் போடும், அந்த வயதில் அது விளையாட்டில்லை.

நடந்து ஏறுவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. குன்றுக்கு இரண்டு முகம். காற்று வந்து மோதும் பக்கம் சாய்வாக, அலையலையாகக் கோடு போட்டு, கெட்டியாக இருக்கும். மறுபக்கம் செங்குத்தாக, புதுமணல் சரிந்து நிற்கும். அந்தப் பக்கம் ஏறினால் ஓரடி வைத்தால் அரையடி வழுக்கும். கெட்டியான பக்கமாகவோ உச்சி விளிம்பின் மேலாகவோ ஏறுங்கள். அப்பாவுக்கு மொரீப் வேண்டாம். சாலையோரச் சிறு குன்று ஒன்றில் காற்றடிக்கும் முகத்தில் இருபது முப்பது அடி ஏறி உட்கார்ந்தால் போதும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். மகள் செங்குத்துப் பக்கத்தில் உருண்டு விளையாடட்டும், ஆனால் அங்கே குழியோ சுரங்கமோ தோண்டவிடாதீர்கள். காய்ந்த மணல் ஒரு நொடியில் சரிந்து மூடிவிடும். அணையாத அடுப்புக் கரியை யாராவது மணலில் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள், உள்ளே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். அதனால் முகாம் போட்ட தடயம் உள்ள இடத்தில் வெறுங்காலோடு ஓடவிட வேண்டாம்.

குளிர்காலம்தானே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் வண்டியில் இருக்கட்டும். இரவு நன்றாகக் குளிரும், பெரியவர்களுக்கு ஸ்வெட்டரும் காதுக்கு மஃப்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகிற பிளாஸ்டிக் பை ஒன்றுகூட மணலில் விழ வேண்டாம். ஒட்டகம் அதைத் தின்றுவிடும். வயிற்றில் சேர்ந்து கட்டியாகி, இரை இறங்காமல் செத்துப்போகும் ஒட்டகங்கள் இந்த நாட்டில் உண்டு.

தோப்புகள் தனியாருடையவை. காய்ந்த ஈச்சமட்டையில் வேலி கட்டியிருப்பார்கள். குன்றின் உச்சியிலும் அதே மட்டையை நட்டு, மணல் தோப்புக்குள் இறங்காமல் தடுத்திருப்பதைப் பார்க்கலாம். உள்ளே வேலை செய்பவர்களிடம் ஒரு சலாம் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பெண்களையும் வீடுகளையும் படம் எடுக்க வேண்டாம். ஜனவரியில் மரத்தில் பழம் இருக்காது, கனிவது கோடையில், பேரீச்சைத் திருவிழாவும் ஜூலையில்தான். மஸீரா கடைகளில் கலாஸ், தப்பாஸ் என்ற இரண்டு பேரீச்சை வகைகளையும் ருசி பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக அம்மாவுக்கு ஒன்று. வழியில் முள்ளும் சிறு இலையுமாய், தாழத் தொங்கும் கிளைகளோடு நிற்கும் மரத்தை இங்கே ‘காஃப்’ என்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். ஆணிவேர் முப்பது மீட்டர் ஆழம்வரை தண்ணீரைத் தேடிப் போகும், அதனால்தான் இந்த மணலில் பசுமையாக நிற்கிறது. அது வேறெதுவும் இல்லை, நம் வன்னி மரமேதான். விருத்தகிரீசுவரர் கோயிலின் தல மரம். அம்மா பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வார். ஒரு கொத்து பறிக்க ஆசைப்படுவார், வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். இங்கே அந்த மரத்தை வெட்டவோ ஒடிக்கவோ சட்டம் அனுமதிக்காது.