மிதித்தும் வேகம் எடுக்காத கார்

கேள்வி: எண்ணூர் விரைவுச் சாலையில் போகும்போது கார் திடீரென வேகம் எடுக்க மறுக்கிறது; இன்ஜின் லைட்டும் எரிகிறது. ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: அவசரப்படாதீர்கள். ஸ்கேனரில் பி2138 என்ற கோளாறு எண் வந்தால், பெடலில் உள்ள இரண்டு சென்சார் சிக்னல்களும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதனால்தான் ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

முதலில் பெடல் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் பகுதி உப்புக்காற்றில் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கலாம். கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

பிறகு கனெக்டரை மாட்டி, சாவியை ஆன் செய்து அதன் பின்களில் மல்டிமீட்டர் வையுங்கள். சென்சாருக்கு வரும் சப்ளை 5 வோல்ட் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் வயரிங்கில். பல கார்களில், மிதிக்காதபோது ஒரு சிக்னல் சுமார் 0.8 வோல்ட், மற்றது அதில் பாதி. மெதுவாக மிதித்தால் இரண்டும் சீராக ஏற வேண்டும். நடுவில் சட்டென்று விழுந்தால் சென்சார் போய்விட்டது. பெரும்பாலும் பெடலோடுதான் மாற்ற வேண்டும்.