அமாவாசை அன்று கடல் அலை பெரிதாகுமா?

கேள்வி: கடல் அலையும் ஓதமும் (கடல் மட்டம் ஏறி இறங்குவது) ஒன்றுதானா? அமாவாசை, பௌர்ணமியில் அலை பெரிதாக வருவது ஏன்?

இரண்டும் வேறு. அலையைக் கிளப்புவது காற்று. ஓதத்தைக் கிளப்புவது நிலா, கூடவே சூரியன். அமாவாசை அன்று உயர்வது கடலின் மட்டம். மட்டம் உயர்ந்திருப்பதால் வழக்கமான அலையே மணலில் இன்னும் மேலே ஏறி வருகிறது, அவ்வளவுதான்.

சின்ன வயதில் குமரிக் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து, தூரத்தில் மிதந்த ஒரு தேங்காய் மட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலை வரும்போது மட்டை மேலே ஏறி லேசாக முன்னே வரும். அலை தாண்டியதும் இறங்கி, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே போய்விடும். எத்தனையோ அலைகள் கரைக்கு வந்துவிட்டன, மட்டை வரவில்லை. காற்று கொடுத்த ஆற்றல் மட்டும்தான் பயணம் போகிறது, தண்ணீர் இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது. கரையருகே ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பகுதி பின்தங்கும், மேல்பகுதி முந்திக்கொண்டு கவிழும். நுரை அங்கேதான்.

ஓதத்தில் மொத்தக் கடலும் ஏறி இறங்குகிறது. நிலாவுக்கு நேரே உள்ள பக்கத்தில் இழுப்பு கூடுதல், எதிர்ப்பக்கத்தில் குறைவு. அந்த வித்தியாசத்தால் இரு பக்கமும் கடல் மேடாகிறது. பூமி சுழலும்போது இரு மேட்டையும் கடப்பதால்தான் நம் கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றம். அமாவாசை, பௌர்ணமியில் சூரியனின் இழுப்பும் நிலாவோடு ஒரே கோட்டில் சேரும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் குறுக்கே நிற்பதால் ஏற்றம் குறைவு.

சென்னையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான், பலர் கவனிப்பதே இல்லை. குஜராத்தின் பாவ்நகர் பக்கம் போனபோதுதான் எனக்கு உறைத்தது. காலையில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன, கடல் எங்கோ தள்ளி இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தால் அதே படகுகள் மிதக்கின்றன! காம்பே வளைகுடா உள்ளே போகப் போகக் குறுகுவதால் நீர் நெருக்கிக்கொண்டு 10 மீட்டர் வரை ஏறுகிறது. பக்கத்திலுள்ள அலங்கில், உடைக்க வரும் பெரிய கப்பல்களைக் கரையேற்ற அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்துக்குத்தான் காத்திருப்பார்கள்.

ஓத நேரத்தை ஒரு வருடத்துக்கு முன்பே கணக்கிட்டு அச்சிடலாம். அலை அப்படியல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத ஒரு நாளில் குமரியிலும் கேரளத்திலும் கரையேறும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6 அன்று குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துக்கொண்டது. அது அமாவாசையை ஒட்டிய நாள். கள்ளக்கடல் எச்சரிக்கையும் அப்போது அமலில் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, ஊருக்குப் போகும்போது கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அலை எச்சரிக்கையைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடுவதில்லை.