மழை விடுமுறையில் போன் வழியாகப் பாடம்: கேள்வி பதில்

நான் நாகப்பட்டினம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கலெக்டர் எப்போது விடுமுறை அறிவிப்பார் என்று பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நாட்களில் பாடம் போனுக்குப் போய்விடும். 2020 கொரோனா ஊரடங்கில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இப்போதும் வைத்து ஓட்டுகிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கணித ஆசிரியை, திருவாரூர்: சார், கூகுள் மீட்டில் வகுப்பு வைத்தால் 45 பேரில் பத்துப் பேர்தான் வருகிறார்கள். மற்றவர்களை எப்படி வரவைப்பது?

வரவைக்கவே வேண்டாம் டீச்சர். காலை பத்து மணிக்கு அந்த வீட்டுப் போன் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் சட்டைப் பையில், வேலைக்குப் போன இடத்தில் இருக்கும். பிள்ளை கைக்கு அது வர இரவு ஏழரை ஆகிவிடும். 2020 ஜூனில் நானும் நேரலை வகுப்புதான் வைத்தேன். ஐம்பத்திரண்டு பேர் கொண்ட வகுப்பில் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பாதியில் டேட்டா தீர்ந்து காணாமல் போனார்கள். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

கேமராவோடு ஒரு மணி நேரம் வகுப்பு நடத்தினால் பல நூறு எம்பி போய்விடும். ஐந்து நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவு ஒரு எம்பியைச் சுற்றித்தான் வரும். சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் இறங்கிவிடும், இரவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம். வகுப்பிலேயே மிகச் சாதாரணமான போன் யார் வீட்டில் இருக்கிறதோ, அதில் ஓடுகிற மாதிரிதான் பாடத்தை அமைக்க வேண்டும். மற்ற போன்களில் அது தானாக ஓடும்.

டிவியில் பாடம் வருகிறதே என்பீர்கள். தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. பள்ளிகள் மூடியிருந்தபோது நெட் இல்லாத வீட்டுக்கும் பாடம் போனது அதனால்தான். ஆனால் டிவியிடம் திரும்பக் கேள்வி கேட்க முடியாது. எங்கள் பக்கம் மழை வந்தால் முதலில் போவது கரண்ட், அடுத்தது கேபிள்.

அதே ஆசிரியை: சரி சார், குரல்பதிவில் கணக்கை எப்படிச் சொல்வது?

முதலில் பக்க எண்ணைச் சொல்லுங்கள். புத்தகம் எல்லார் கையிலும் இருக்கிறது, நமக்குக் கரும்பலகை அதுதான். கணக்கை வெள்ளைத் தாளில் போட்டு ஒரு போட்டோ எடுத்து முன்னால் அனுப்பிவிடுங்கள். "மூன்றாவது வரியைப் பார், அங்கே குறி ஏன் மாறியது?" என்று குரலில் கேளுங்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். கடைசியில் ஒரே ஒரு கணக்கு கொடுத்து, நோட்டில் போட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தப் படம் குழுவுக்கு வரக்கூடாது, உங்கள் எண்ணுக்குத் தனியாக வரவேண்டும். குழுவில் போட்டால் முதல் பிள்ளை செய்த அதே தப்பை நாற்பது பிள்ளைகளும் அழகாகக் காப்பி அடித்து அனுப்புவார்கள். நான் அனுபவித்திருக்கிறேன். வந்த படத்தின் மேலேயே வாட்ஸ்அப்பில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பலாம். ஒரு நாளைக்குப் பதினைந்து நோட்டுக்கு மேல் பார்க்காதீர்கள், கண் போய்விடும். அப்புறம், குழுவில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அறுபது "குட் மார்னிங் சார்" நடுவே பாடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

முதுகலை ஆசிரியர், கடலூர்: செய்முறைக்கு என்ன செய்கிறீர்கள்? ஆய்வகத்தைப் போனில் அனுப்ப முடியாதே!

பாதி அனுப்பலாம் சார். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெட்' (PhET) தளம் தெரிந்திருக்கும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. அதில் திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைச் சோதனைகள் பல தமிழிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், அப்புறம் நெட் தேவையில்லை. மின்சுற்றுச் சோதனையை நான் மழைக்கு முந்தைய வாரமே பிள்ளைகள் போனில் ஏற்றிவிடுவேன். குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) வந்தால் திரையில் தீப்பிடிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே பத்துத் தடவை தப்பாக இணைப்பார்கள், இணைக்கட்டும். நிஜ ஆய்வகத்தில் அப்படி விட முடியுமா?

எனக்கு அதைவிடப் பிடித்தது 'ஃபைஃபாக்ஸ்' (phyphox). ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட இலவசச் செயலி. போனுக்குள் இருக்கும் உணரிகளையே (சென்சார்களையே) அளவுகருவியாக்கிவிடும். அதில் ஒலியால் இயங்கும் நிறுத்துகடிகாரம் ஒன்று உண்டு. முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கும், இரண்டாவது சத்தத்தில் நிற்கும். மேசை விளிம்பில் ஸ்கேலை நீட்டி வைத்து, அதன் நுனியில் கோலிக்குண்டு ஒன்றை வையுங்கள். பேனாவால் ஸ்கேலைப் பக்கவாட்டில் தட்டினால் ஒரு சத்தம், குண்டு தரையில் விழுந்தால் இன்னொன்று. உயரம் 1 மீட்டர் என்றால் கடிகாரம் 0.45 வினாடியை ஒட்டிக் காட்டும். உயரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.88 என்று வரும். புத்தகத்தில் 9.8. தன் வீட்டுத் திண்ணையில் இந்த எண்ணைக் கண்டுபிடித்த பையன் ஒருவன் இரவு பத்தரைக்கு எனக்குப் போன் செய்தான். ஃபேன் ஓடினால் கணக்கு தப்புகிறது என்பதையும் அவனே சொன்னான். வெளிச்சத்தம் கடிகாரத்தை முன்கூட்டியே கிளப்பிவிடுகிறது.

தமிழாசிரியர், மயிலாடுதுறை: நான் அனுப்பும் வினாத்தாள் மாணவர் போனில் ஜிலேபியைப் பிழிந்த மாதிரி தெரிகிறதாம். ஏன்?

ஐயா, நீங்கள் பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருக்கிறது, பிள்ளை போனில் இல்லை. அவசரத்துக்கு பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்தும் கூடவே போய்விடும். நிரந்தரத் தீர்வு, எந்தப் போனிலும் ஒரே மாதிரி தெரியும் ஒருங்குறிதான் (யூனிகோட்). தமிழக அரசே 2010-ல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய வினாத்தாள்களை மாற்றித்தர இலவச எழுத்துரு மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள், ஒற்றும் துணைக்காலும் சில இடங்களில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

சாதாரண தர (ஓ/எல்) தேர்வு மாணவி, வவுனியா, இலங்கை: சேர், தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்து விஞ்ஞானம் படிக்கலாமா? சில சொற்கள் விளங்குதில்லை.

தாராளமாகப் பாருங்கள் அம்மா, ஆனால் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முடுக்கம் என்பதுதான் உங்கள் ஆர்முடுகல். எங்கள் ஒளிவிலகல் உங்களுக்கு ஒளிமுறிவு, எங்கள் வேதியியல் உங்களுக்கு இரசாயனவியல். கருத்தைப் புரிந்துகொள்ள எங்கள் வீடியோ உதவும். பரீட்சை விடையில் உங்கள் பாடநூலின் சொல்லையே எழுதுங்கள். உங்கள் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். (ஆர்முடுகல் என்ற சொல்லை முதலில் கேட்டபோது நான் அரை நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

பி.எட். மாணவர், தஞ்சாவூர்: கைடை ஸ்கேன் செய்து குழுவில் போடலாமா சார்?

கூடாது தம்பி. அரசுப் பாடநூலே பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரு தாய், வேதாரண்யம்: சார், வீட்டில் ஒரே போன், இரண்டு பிள்ளைகள். தினமும் சண்டை. பெரியவள் பத்தாவது, சின்னவன் ஏழாவது.

சின்னவனுக்கு முதலில் கொடுங்கள் அம்மா, அவன் சீக்கிரம் தூங்கிவிடுவான். இருவரும் அன்றன்றைய குரல்பதிவை ஒருமுறை கேட்டு, கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். அப்புறம் போனுக்கு வேலை இல்லை, நோட்டோடு உட்காரலாம். விடையைப் படம் எடுத்து அனுப்புவது மறுநாள் காலை அவர்கள் அப்பா கிளம்புவதற்கு முன் நடந்தால் சரி. தாமதமாக வருகிறதே என்று எந்த வாத்தியாராவது கோபித்துக்கொண்டால், வீட்டு நிலைமையை அவரிடம் ஒரு குரல்பதிவாகவே சொல்லி அனுப்புங்கள்.