நெடுந்தீவுக் குதிரைகளுக்கு லாடன் இல்லாமல் குளம்பு தேயாதா? ஆடு, எருமை எல்லாம் வேறு வேறு தரையில் எப்படிச் சமாளிக்கின்றன?

தேயும். தேய வேண்டும் என்பதுதான் பதிலில் பாதி.

குளம்பு நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது. மயிர் முடிகிற விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அது வளர்ந்துகொண்டே இருக்கும். குதிரைக்கு மாதம் 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை. முன்பக்கக் குளம்பு முழுக்கப் புதிதாக இறங்கிவர ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். நெடுந்தீவில் நீங்கள் பார்த்தவை, அந்நியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை. மேய்ச்சலுக்கும் தண்ணீருக்குமாக அந்த முருகைக்கல் பூமியில் நாள் முழுக்க நடக்கின்றன. வளருகிற அளவுக்குக் கீழே கல் அராவிவிடுகிறது. ஆகவே லாடனும் வேண்டாம், குளம்பு சீவ ஆளும் வேண்டாம்.

லாடன் தேவைப்படுவது பாரம் இழுக்கிற விலங்குக்கு. தார் வீதியில் வண்டில் இழுக்கிற மாட்டுக்குத் தேய்மானம் வளர்ச்சியை முந்திவிடும். முன்பு எங்கள் பக்கம் மாட்டைக் கயிறு போட்டு விழுத்தி, கால்களைச் சேர்த்துக் கட்டித்தான் லாடன் அடிப்பார்கள். குளம்பு பிளந்தது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. குதிரைக்கு வளைந்த ஒரே இரும்பு போதும்.

அவுஸ்திரேலியாவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளின் கால்களைக் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். கல் நிலத்துக் குதிரைகளுக்குக் குளம்பு கட்டையாக, முனை மழுங்கி, அடி தடித்து இருந்தது. மென்மையான நிலத்தில் வாழ்ந்தவற்றுக்கு நீண்டு, ஓரம் விரிந்து இருந்தது. இனம் ஒன்றுதான், தரைதான் வேறு. இந்த மாற்றத்துக்குப் பரம்பரை கணக்கில் காலம் தேவையில்லை, சில மாதங்களே போதும்.

ஆனால் விரல் எத்தனை, அடி எவ்வளவு அகலம் என்பதெல்லாம் வேறு கணக்கு. அதற்கு இலட்சக்கணக்கான வருடங்கள் வேண்டும். சுமார் 5 கோடி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் குதிரையின் மூதாதை காட்டுக்குள் திரிந்த ஒரு சிறிய பிராணி. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. நிலம் வெட்டையாகி, ஓடித் தப்ப வேண்டி வந்தபோது நடுவிரல் மட்டும் பெருத்து நின்றது. பக்கத்து விரல்கள் இருந்ததற்கு அடையாளமாக இரண்டு மெல்லிய எலும்புகள் இன்றைய குதிரையின் காலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இறுகிய தரையில் ஓட ஒற்றைக் குளம்புக்கு ஈடில்லை. அதையே சேற்று வயலில் இறக்கிப் பாருங்கள், குதிரை படும் பாடு தெரியும்.

அங்கே எருமைதான் ராசா. அதற்கு அகன்ற இரண்டு விரல். காலை ஊன்றும்போது அவை விரியும். பின்னால் சற்று மேலே இரண்டு சின்ன விரல்கள் உண்டு. கட்டாந்தரையில் நிலத்தைத் தொடாத அவையும், கால் புதைகிறபோது சேற்றில் பதிந்து பாரத்தைத் தாங்கும். காலைத் தூக்கும்போது விரிந்த விரல்கள் ஒடுங்குவதால் சேற்றின் பிடி விடுகிறது. கணுக்காலும் நன்றாக வளைந்து கொடுக்கும். பூநகரிப் பக்கம் மாரி வயலில் எருமை நடக்கும்போது பின்காலைக் கவனித்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியும்.

கழுதை இதற்கு நேர்மாறு. வரண்ட கல் நிலத்துக்கென்று அமைந்த ஒடுக்கமான, செங்குத்தான குளம்பு அதற்கு. மன்னார்த் தீவில் திரிகிறவற்றுக்கு வெயில் காலம் பெரிய தொல்லையில்லை. தொடர்ந்து ஈரத்தில் நிற்க விட்டால்தான் குளம்பு ஊறி, கிருமி புகுந்து சீழ் கட்டும்.

ஒட்டகத்துக்கு விரல் நுனியில் நகம்தான் இருக்கிறது. நடப்பது அகன்ற மெத்தடியில். எடை பரவுவதால் மணலில் புதைவதில்லை. எனக்குப் பிடித்தது பனிநாட்டுக் கலைமான். கோடையில் சதுப்பு நிலம் என்பதால் அடிப்பகுதி உப்பி மென்மையாக இருக்கும். மாரியில் அது சுருங்கி இறுக, கூரான ஓரம் வெளியே நீட்டிப் பனிக்கட்டியைக் கவ்வும். ஒரே காலுக்கு இரண்டு பருவம், இரண்டு அடி!

சரி, ஆட்டுக்கு வருவோம். இத்தாலியில் சிஞ்சினோ என்ற அணைக்கட்டின் செங்குத்தான கற்சுவரில் அல்ப்ஸ் மலையாடுகள் ஏறி, கல்லில் பூத்திருக்கும் உப்பை நக்குகிற படம் பார்த்திருப்பீர்கள். பூவரசங்குழைக்காக மதிலில் ஏறி நிற்கிற நம் வீட்டு மறிக்கும் அதே பாணிக் கால்தான். குளம்பின் ஓரம் கடினம், உள்ளே அடி மென்மை. ஓரம் கல்லின் சின்ன விளிம்பைப் பிடிக்க, உள்பகுதி வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். இரண்டு விரலும் தனித்தனியாக அசைவதால் கரடுமுரடான இடத்திலும் கால் பதியும்.

இந்தக் காலை வைத்துக்கொண்டு கொட்டிலில் மெத்தென்ற சாணத்தரையில் நாள் முழுக்கக் கட்டி நின்றால் என்ன ஆகும்? ஓரம் தேயாமல் வளர்ந்து உள்ளே மடியும். மடிப்புக்குள் சேறும் புழுக்கையும் அடைந்து நாறும். ஆடு முன்னங்காலை மடித்து முழங்காலில் நின்று குழை தின்னத் தொடங்கினால், காலைத் தூக்கிப் பார்க்க நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பலர் இதை வாதம், கண்ணூறு என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

மழை பெய்த மறுநாள் குளம்பு ஊறி மெதுவாக இருக்கும், வெட்டுவதற்குச் சுகம். முதலில் ஈர்க்கால் அழுக்கைக் கிண்டி எடுங்கள். மடிந்த ஓரத்தைச் செடி வெட்டுகிற கத்தரியால், மயிர் விளிம்புக்குச் சமாந்தரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். வெள்ளைக்குள் இளஞ்சிவப்பு தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இரத்தம். விரலிடுக்கில் புண்ணும் வாயில் கொப்புளமும் சேர்ந்து இருந்தால் கத்தரியை வைத்துவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அது கால்வாய் நோயாக இருக்கலாம், பட்டி முழுக்கப் பரவும். கொட்டில் வாசலில் நாலைந்து தட்டைக் கல்லைப் பரவி வைத்தால், ஆடு தானே அதில் ஏறி நின்று பாதி வேலையை முடித்துக்கொள்ளும்.