கார்ன் ஸ்நேக்குக்கு எப்படிப்பட்ட பெட்டி வேண்டும்?

கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பை வளர்க்க 2 அடி மீன் தொட்டி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குட்டிக்குச் சரி. வளர்ந்ததும் 4, 5 அடி நீளம் வரும். உடம்பை நீட்டிப் படுக்க 4 அடிப் பெட்டியாவது வேண்டும்.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வெப்பம். பாம்பு இடம் மாறித்தான் உடல் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். அதனால் ஒரு ஓரம் 30 டிகிரி, மறு ஓரம் 24 டிகிரி இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வையுங்கள். ஒன்றுதான் என்றால், பயந்த பாம்பு சூடு அதிகமானாலும் அதற்குள்ளேயே சுருண்டு கிடக்கும். பெட்டியைச் சூடாக்கும் ஹீட் மேட்டை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் தயவுசெய்து போடாதீர்கள், வயிறு வெந்து புண்ணாகிவிடும்.

அப்புறம் மூடி. பென்சில் நுழையும் இடைவெளி இருந்தாலே குட்டி வெளியேறிவிடும். கீழே பரப்ப சிடார் மரத்தூள் வேண்டாம்; அதன் நெடி பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது.