கடல் மேல் தெரிந்த வெளிச்சத்தை எழுதுவது எப்படி? கேள்வி பதில்

தேவிபட்டினம்: அண்ணே, எங்க ஊர்ல நாலு பேர் ராத்திரி கடலுக்கு மேல சிவப்பும் பச்சையுமா மின்னுன வெளிச்சத்தைப் பார்த்திருக்காங்க. எழுதணும். எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

நாலு பேரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்காதீங்க தம்பி. ஒருவர் "தட்டு மாதிரி" என்றால் மற்றவர் நினைவிலும் அது தட்டாகிவிடும். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்க விமானி கென்னத் ஆர்னால்ட், தான் பார்த்த ஒன்பது பொருள்களும் தண்ணீரில் எறிந்த தட்டு தத்துவதுபோலப் பறந்தன என்றார். அவர் சொன்னது அசைவை. பத்திரிகைகள் அதை வடிவமாக்கி "பறக்கும் தட்டு" என்று எழுத, பிறகு பார்த்தவர்கள் பலரும் தட்டையே பார்த்தார்கள்.

தனித்தனியாக, "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். வரைந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குக் கூட்டிப்போய்க் கையால் காட்டச் சொல்லி, செல்போன் திசைகாட்டியில் திசையைக் குறியுங்கள். உயரத்துக்கு, கையை முழுக்க நீட்டினால் மூடிய முஷ்டி சுமார் 10 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி. முழுநிலவே அரை டிகிரிதான். "ஒரு கிலோமீட்டர் தள்ளி, பஸ் அளவு" என்று அவர் சொன்னால் அவர் சொன்னதாகவே எழுதுங்கள். இருட்டில், அளவு தெரியாத வெளிச்சத்தின் தூரத்தைக் கண்ணால் கணிக்கவே முடியாது.

அடுத்து, எந்த நேரத்து வானத்தையும் காட்டும் ஸ்டெல்லாரியம் செயலியில் அந்தத் தேதி, நேரம், இடத்தைப் போட்டுப் பாருங்கள். மார்கழி முன்னிரவில் உங்கள் கரையிலிருந்து கிழக்கு-தென்கிழக்கே தாழ்வாக சிரியஸ் நட்சத்திரம் இருக்கும். அடிவானக் காற்றின் அலைச்சலில் அது சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கும். கப்பலாக இருந்தால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உங்களை நோக்கி நேரே வருகிறது. விமானத்துக்கும் அதே விதி. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதை மறக்காதீங்க.

மண்டபம்: வாட்ஸப்பில் வந்த வீடியோ போதுமா?

போதாது. அனுப்பும்போது அது சுருங்கிவிடும், எடுத்த நேரம், இடம் போன்ற விவரமும் போய்விடும். எடுத்தவரின் போனிலிருந்தே மூலக்கோப்பை வாங்குங்கள். வெளிச்சம் வட்டத்தட்டாக விரிந்திருந்தால் ஃபோகஸ் விலகியதா என்று முதலில் பாருங்கள்.

கீழக்கரை: பார்த்தவர் ராணுவத்தில் இருந்தவர். நம்பலாம்தானே?

அவர் பொய் சொல்லமாட்டார் என்பது வேறு, சரியாக அடையாளம் கண்டார் என்பது வேறு அக்கா. லடாக் எல்லையில் நம் வீரர்கள் மாதக்கணக்கில் கவனித்துப் பதிவு செய்த வெளிச்சங்கள் வெள்ளி, வியாழன் கோள்கள்தான் என்று வானியலாளர்கள் கண்டறிந்தார்கள். 2013இல் செய்தியாகவே வந்தது. அந்த வீரர்கள் நேரத்தையும் திசையையும் ஒழுங்காகக் குறித்ததால்தான் விடை கிடைத்தது.

பாம்பன்: தனுஷ்கோடி ஆவிக் கதைகள்?

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் புயலில் சிக்கிக் கடலில் மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களின் உறவினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பரபரப்புக்காக அந்தச் சாவுகளைத் தொடாதீங்க. "சொல்கிறார்கள்" என்ற சொல்லை வெட்டிவிட்டு, யார், எப்போது, யாரிடம் கேட்டார் என்று எழுதுங்கள். இடிந்த தேவாலயத்தில் ஓலம் கேட்டதென்றால், காற்றின் திசையையும் வேகத்தையும் குறித்து, காற்று அடங்கிய இரவிலும் போய்க் கேளுங்கள்.

வாலிநோக்கம்: விளக்கத்தைச் சொல்லிவிட்டால் கதை செத்துப்போகாதா?

சாகாது. பார்த்தவரின் வார்த்தையில் தொடங்கி, நீங்கள் சோதித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போங்கள். வாசகர் கூடவே வருவார். விடை தெரிந்தும் மறைத்தால் அடுத்த கட்டுரையை அவர் நம்பமாட்டார். மிஞ்சுவதை மிஞ்சியதாகவே விடுங்கள். இப்படி வானில் பார்த்ததாக வந்த தகவல்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969இல் மூடப்பட்டபோது 12,618 தகவல்களில் 701 இனங்காணப்படாதவை. அதற்கு வேற்றுக்கிரகம் என்று பொருளில்லை. உங்கள் கட்டுரையிலும் அப்படி ஒன்று மிஞ்சினால், எந்த விவரம் கிடைக்காததால் நின்றது என்று எழுதுங்கள்: நேரமா, திசையா, இரண்டாவது சாட்சியா.