ஈரானில் நாடாளுமன்றம் எதற்கு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மேற்காசியா பற்றிய உங்கள் சென்ற கட்டுரையில், 2025 மார்ச்சில் ஈரான் நாடாளுமன்றம் பொருளாதார அமைச்சரைப் பதவியிலிருந்து இறக்கியதைப் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அந்த இடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. எல்லா அதிகாரமும் உயர் தலைவர் கையில் இருக்கிற நாட்டில் அமைச்சரை இறக்க ஒரு நாடாளுமன்றமா? உலகத்துக்குக் காட்ட நடத்தும் நாடகம்தானே அது? அப்புறம், சட்டம் இறைவன் தந்தது என்று நம்புகிற அரசில், சட்டம் இயற்ற ஒரு சபை எதற்கு? 1979 புரட்சிக்குப் பிறகு ஒப்புக்கு அமைத்த ஒன்று என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கொஞ்சம் விளக்க முடியுமா?

கு., திருச்சி

அன்புள்ள கு.,

கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். ஈரான் நாடாளுமன்றம், அதாவது மஜ்லிஸ், இஸ்லாமியக் குடியரசைவிட 73 வயது மூத்தது. முதல் மஜ்லிஸ் 1906 அக்டோபரில் டெஹ்ரானில் கூடியது. அப்போது இன்னும் காஜார் மன்னர்களின் ஆட்சி.

அது வந்த கதை சர்க்கரையில் ஆரம்பிக்கிறது. ரஷ்ய–ஜப்பானியப் போரால் வரத்து குறைந்து 1905இல் டெஹ்ரானில் சர்க்கரை விலை ஏறியது. டிசம்பர் மாதம் நகர ஆளுநர், விலையை ஏற்றிவிட்டார்கள் என்று சில வியாபாரிகளைப் பிடித்துவந்து உள்ளங்காலில் அடிக்கவைத்தார். கடைத்தெரு மூடிக்கொண்டது. வியாபாரிகளும் உலமாக்களும் (மார்க்க அறிஞர்கள்) நகருக்குத் தெற்கே இருக்கும் ஷா அப்துல் அசீம் தர்காவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். புனிதத் தலத்தில் தஞ்சம் புகுந்தவனை அரசாங்க ஆள் தொடக்கூடாது என்பது அங்கே பழைய வழக்கம். அப்போது அவர்கள் கேட்டது முறையீடுகளை விசாரிக்க ஒரு நியாய சபை, அவ்வளவுதான். மன்னர் முசஃபருத்தீன் ஷா சரி என்றார், பிறகு இழுத்தடித்தார்.

1906 கோடையில் மறுபடியும் கிளம்பினார்கள். உலமாக்கள் கோம் நகருக்குப் போய்விட்டார்கள். வியாபாரிகளும் கைத்தொழில் சங்கத்தாரும் தஞ்சம் புகுந்த இடம் டெஹ்ரானில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தின் தோட்டம். 12,000 பேருக்கு மேல் அங்கே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். தொழிலுக்கொரு கூடாரம், பெரிய பெரிய அண்டாக்களில் சமையல், மரத்தடியில் அரசியல் பேச்சு. நியாய சபை வேண்டும் என்று உள்ளே போனவர்கள், வெளியே வரும்போது மக்கள் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று மன்னர் ஆணையில் கையெழுத்திட்டார். டிசம்பர் 30 அன்று அரசியல் சாசனத்திலும் கையெழுத்துப் போட்டார். அடுத்த சில நாட்களில் இறந்தும் போனார்.

அந்த முதல் சபையில் டெஹ்ரானுக்கு 60 இடங்கள். அவற்றில் 32 இடங்கள் கைத்தொழில், வணிகச் சங்கங்களுக்கு. பலசரக்குக் கடைக்காரர் ஒருவர்கூட உறுப்பினராக இருந்தார். பெண்களுக்கு வாக்கு கிடையாது, அதற்கு 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ரஷ்யாவிடமும் பிரிட்டனிடமும் அரசு வாங்க இருந்த கடனை, கூடிய கொஞ்ச நாளிலேயே மறித்த சபை அது. ஒப்புக்கு அமைத்த சபை செய்கிற வேலையா இது?

இனி, இறைவனின் சட்டம் இருக்கச் சபை எதற்கு என்ற கேள்வி. நீங்கள் கேட்டதை 1907இலேயே ஷேக் ஃபஸ்லுல்லா நூரி கேட்டுவிட்டார். டெஹ்ரானின் பெரிய முஜ்தஹித்களில் ஒருவர், அதாவது மார்க்கச் சட்டத்துக்குத் தானே விளக்கம் சொல்லும் தகுதி பெற்ற அறிஞர். முதலில் இயக்கத்தோடு நின்றவர், பிறகு எதிர்த்தார். ஷரீஅத் இருக்கும்போது கடைக்காரர்கள் உட்கார்ந்து சட்டம் எழுதுவதா என்பது அவர் வாதம். ஆனால் மதத் தலைவர்கள் எல்லாரும் அவர் பக்கம் இல்லை. தெருவில் இறங்கி இயக்கத்தை நடத்திய தபாதபாயீயும் பெஹ்பஹானியும் முஜ்தஹித்கள்தான். ஈராக்கின் நஜஃபில் இருந்த ஆகுந்த் கொராசானி, அன்றைய ஷியா உலகின் மிகப் பெரிய பெயர், சாசனத்தை ஆதரித்தார். ஷியா நம்பிக்கைப்படி மறைந்திருக்கும் இமாம் திரும்பி வரும்வரை எந்த ஆட்சியும் முழுமையான ஆட்சி இல்லை, ஆகவே கொடுங்கோலைக் குறைக்கிற ஏற்பாடு நல்லதே என்பது அந்தத் தரப்பின் நியாயம். மதம் ஒரு பக்கம், நாடாளுமன்றம் மறுபக்கம் என்று நாம் இங்கிருந்து போடுகிற கோடு அங்கே அப்படி விழவில்லை.

நூரியைச் சமாதானப்படுத்த 1907 சாசனத் துணைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குறைந்தது ஐந்து முஜ்தஹித்கள் கொண்ட குழு ஒன்று மசோதாக்களைப் பார்க்கும், இஸ்லாத்துக்கு விரோதமானதைத் தள்ளிவிடும். நூரி அதிலும் அடங்கவில்லை. சாசனத்தை எதிர்த்த புது மன்னரோடு சேர்ந்துகொண்டார். 1909இல் சாசனவாதிகள் டெஹ்ரானைப் பிடித்ததும் அவரைத் தூக்கில் போட்டார்கள். ஐந்து பேர் குழு சில காலம் பெயருக்கு இருந்து மறைந்துபோனது. அந்தப் பிரிவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் மஜ்லிஸ் பட்ட அடிகளுக்குக் கணக்கில்லை. 1908 ஜூனில் புது மன்னர் முகம்மது அலி ஷா, ரஷ்யக் கர்னல் லியாகோவ் தலைமையிலிருந்த கொசாக் படையை அனுப்பிக் கட்டடத்தையே பீரங்கியால் அடித்தார். 1911இல் நிதி நிர்வாகத்தைச் சீர்செய்ய மஜ்லிஸ் அழைத்துவந்த அமெரிக்கர் மார்கன் ஷுஸ்டரை வெளியேற்றச் சொல்லி ரஷ்யா கெடு வைத்தது. சபை மறுத்தது, சபையே மூடப்பட்டது. 1925இல் காஜார் வம்சத்தை நீக்கியதும் மஜ்லிஸ் வாக்கெடுப்புதான், பின்னாலிருந்து நடத்தியது அன்றைய பிரதமர் ரெசா கான். அவர் மன்னரான பிறகு நடந்த தேர்தல்களைத் தேர்தல் என்று சொல்வது மரியாதைக்குத்தான். 1951 மார்ச்சில் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கிய மஜ்லிஸ் வேறு ஆள் மாதிரி நிமிர்ந்து நின்றது. ஆனால் 1953 ஆகஸ்டில் அதைக் கலைக்க வாக்கெடுப்பு நடத்தியவர் அன்றைய பிரதமர் முசாதிக்கேதான். ‘ஆம்’ என்பவருக்கு ஒரு சாவடி, ‘இல்லை’ என்பவருக்கு வேறு சாவடி. அவரை மதிக்கிற எனக்கும் இது தொண்டையில் நிற்கிறது. அதே மாதம் அவருடைய ஆட்சியே கவிழ்க்கப்பட்டது. 1961இல் மன்னர் (ரெசா கானின் மகன்) கலைத்த சபை இரண்டு ஆண்டுக்கு மேல் கூடவே இல்லை.

இவ்வளவையும் சொன்னது 1979 சாசனத்தின் 63ஆம் பிரிவுக்காக. ஒரு மஜ்லிஸின் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்துவிட வேண்டும், நாடு எந்த நேரத்திலும் மஜ்லிஸ் இல்லாமல் இருக்கக்கூடாது என்கிறது அது. சபையைக் கலைக்கும் அதிகாரத்தைச் சாசனம் யாருக்கும் எழுதித் தரவில்லை, உயர் தலைவருக்கும்கூட. அந்நியருக்குத் தொழில் உரிமம் தருவது அறவே கூடாது, அந்நிய நிபுணரைத் தவிர்க்க முடியாமல் அமர்த்துவதானாலும் மஜ்லிஸ் ஒப்புதல் வேண்டும் என்று 81, 82ஆம் பிரிவுகள். பட்ட அடி ஒவ்வொன்றும் ஒரு பிரிவாகியிருப்பதாகவே எனக்குத் தெரிகிறது. உலகத்துக்குக் காட்ட எழுதியவர்கள் இப்படி எழுதமாட்டார்கள்.

ஆனால் அதே சாசனத்தில் 93ஆம் பிரிவும் இருக்கிறது. காவலர் சபை இல்லாமல் மஜ்லிஸுக்குச் சட்டப்படி மதிப்பே இல்லை! காவலர் சபையில் 12 பேர். ஆறு மார்க்க அறிஞர்களை உயர் தலைவர் நியமிப்பார். மற்ற ஆறு பேர் சட்ட வல்லுநர்கள். நீதித்துறைத் தலைவர் தரும் பட்டியலிலிருந்து மஜ்லிஸ் அவர்களைத் தேர்ந்தெடுக்கும். அந்த நீதித்துறைத் தலைவரும் உயர் தலைவரின் நியமனம்தான். மஜ்லிஸ் நிறைவேற்றும் ஒவ்வொரு மசோதாவும் இந்தச் சபைக்குப் போக வேண்டும். இஸ்லாத்துக்குப் பொருந்துகிறதா என்று மார்க்க அறிஞர் ஆறு பேரும், சாசனத்துக்குப் பொருந்துகிறதா என்று பன்னிருவரும் பார்ப்பார்கள். நூரி கேட்டு, பெயருக்குக் கிடைத்து, மங்கிப்போன குழு 72 ஆண்டு கழித்துப் பல் முளைத்து வந்துவிட்டது.

சரி, மதவாதிகள் கைக்கு ஆட்சி வந்தபின் சபைக்கும் சபைக்கும் என்ன சண்டை வரப்போகிறது? வந்தது. 1980களில் மஜ்லிஸ் ஏழைகள் பக்கம் சாய்ந்து நகர நிலச் சட்டம், தொழிலாளர் சட்டம் என்று அனுப்ப, சொத்துரிமைக்கு ஷரீஅத்தில் இடமுண்டு என்று காவலர் சபை திருப்பி அனுப்பியது. ரஃப்சஞ்சானி சபாநாயகர், இரண்டு பக்கமும் புரட்சியின் தலைவரும் முதல் உயர் தலைவருமான கொமெய்னியின் சீடர்கள். கடைசியில் 1988இல் கொமெய்னி மூன்றாவதாக ஒரு மன்றத்தை அமைத்தார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நாட்டின் நலன் எது என்று பார்த்து இது முடிவு சொல்லும். தொழிலாளர் சட்டம் அந்த வழியாகத்தான் 1990இல் தேறியது. இறைவனின் சட்டம் இருக்கச் சபை எதற்கு என்று கேட்டீர்களே, அந்தக் குடியரசே பத்து ஆண்டுக்குள் அதற்கு விடை கண்டுவிட்டது: வாடகை, கூலி, வரி என்று வந்தால் மார்க்க நூல் மட்டும் போதவில்லை.

இப்போது உங்கள் வாசிப்பு நின்ற இடத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் அதிபர் பெசெஷ்கியான் கொடுத்த 19 அமைச்சர்களுக்கும் மஜ்லிஸ் ஒப்புதல் தந்தது. ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், 2025 மார்ச் 2 அன்று, அதே சபை பொருளாதார அமைச்சர் ஹெம்மத்தியை 182க்கு 89 என்ற வாக்கில் இறக்கியது. டாலருக்கு ஆறு லட்சம் ரியாலுக்குள் இருந்த மதிப்பு ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. உறுப்பினர்கள் விளாசினார்கள். அமைச்சருக்காகப் பேச வந்த அதிபர் அங்கேயே ஒன்றைச் சொன்னார்: பேச்சுவார்த்தை நல்லது என்றுதான் தானும் நினைத்ததாகவும், அமெரிக்காவோடு பேசப்போவதில்லை என்று உயர் தலைவர் சொல்லிவிட்டதால் அதோடு முடிந்தது என்றும். ரியாலை அமுக்கியதில் பெரும்பங்கு தடைகளுக்கு, தடைகள் விலகும் வழி பேச்சுவார்த்தை, அது யார் கையில் என்று அதிபரே சொல்கிறார். சபையால் எட்ட முடிந்ததோ அமைச்சரின் நாற்காலியை.

அதனால்தான் நாடகம் என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. நாடகத்தில் யாருக்கும் வேலை போகாது. 2008இல் உள்துறை அமைச்சர் கோர்தான், ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர் பட்டம் என்று காட்டிய தாள் போலி என்று தெரிந்ததும் இதே போலப் பதவியிழந்தார். 1981இல் நாட்டின் முதல் அதிபர் பனிசத்ரைத் தகுதியற்றவர் என்று தீர்மானித்ததும் மஜ்லிஸ்தான், 177 பேர் அவருக்கு எதிராக, ஒருவர் ஆதரவாக. அப்போது கொமெய்னி அவரைக் கைவிட்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மஜ்லிஸுக்குப் பல் உண்டு, கீழ்நோக்கிக் கடிக்கும். மேல்நோக்கிக் கடிக்க முயன்றபோது என்ன ஆயிற்று என்பதற்கு 2000 ஆகஸ்ட் உதாரணம். சீர்திருத்தவாதிகள் பெருவாரியாக வென்ற ஆறாவது மஜ்லிஸ் பத்திரிகைச் சட்டத்தைத் தளர்த்தப் போனது. கொமெய்னிக்குப் பின் உயர் தலைவரான காமெனியிடமிருந்து கடிதம் வந்தது, சபாநாயகர் கரூபி மசோதாவை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்தார். அவரும் சீர்திருத்த அணிக்காரர்தான்.

ஆனால் ஒரு மசோதா போவதைவிடப் பெரிய சேதம் வாசலில் நடக்கிறது. தேர்தலை மேற்பார்வையிடும் பொறுப்பைச் சாசனத்தின் 99ஆம் பிரிவு காவலர் சபைக்குத் தருகிறது. சாசனத்துக்கு விளக்கம் சொல்லும் உரிமையும் அதே சபைக்குத்தான். 1991இல் அது தன் பொறுப்புக்குத் தானே விளக்கம் சொன்னது: வேட்பாளர் தகுதியானவரா என்று முடிவு செய்வதும் மேற்பார்வையில் அடக்கம். 2004 தேர்தலுக்கு முன் சுமார் 8,000 பேரில் 3,600 பேரை அது தள்ளியது. அவர்களில் ஏறத்தாழ 80 பேர் அப்போது பதவியிலிருந்த உறுப்பினர்கள். மஜ்லிஸுக்குள்ளேயே வாரக்கணக்கில் தர்ணா நடந்தது, 120க்கும் மேற்பட்டோர் ராஜினாமா கொடுத்தார்கள். தேர்தல் குறித்த நாளில் நடந்தது. 2016இல் இஸ்ஃபஹானில் மினூ காலெகி என்ற பெண் வென்ற பிறகு அவரது வெற்றியையே ரத்து செய்தார்கள். அந்த மஜ்லிஸுக்குப் போனவர்கள் 17 பெண்கள், அதிலிருந்த மதகுருக்களைவிட ஒருவர் அதிகம். இந்த வேடிக்கையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எதிரிகளைத்தான் வடிகட்டுகிறார்கள் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். இஸ்லாமியக் குடியரசின் முதல் சபாநாயகர் ரஃப்சஞ்சானி, இருமுறை அதிபராக இருந்தவர், 2013 அதிபர் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் ஆனார். அப்போது அவர் அந்த நலன் பார்க்கும் மன்றத்தின் தலைவர். 12 ஆண்டு சபாநாயகராக இருந்த அலி லாரிஜானிக்கு 2021இலும் 2024இலும் அதே கதி. 2016 மஜ்லிஸ் தேர்தலில் சுமார் 62 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2020இல் 42.57 சதவீதம். 2024இல் 41. கடையில் இருப்பதெல்லாம் ஒரே சரக்கு என்றால் வாங்க யார் போவார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ‘நாடகம்’ கேள்விக்கு இதுவும் பதில்தான். இப்படி வடிகட்டி எடுத்த மஜ்லிஸ் மேலிடத்தைவிடக் கடுமையாகவும் போகும். ஹிஜாபைக் கட்டாயப்படுத்தித் தண்டனைகளைக் கூட்டும் சட்டத்தை 2023 செப்டம்பரில் நிறைவேற்றியது. காவலர் சபையும் ஓராண்டு கழித்து ஒப்புதல் தந்தது. 2024 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். தேசியப் பாதுகாப்பு உயர் மன்றம் நிறுத்திவைத்தது. அறிவிக்க வேண்டாம் என்று எழுத்திலேயே தெரிவித்துவிட்டார்கள் என்றார் சபாநாயகர் காலிபாஃப். சாசனத்தில் சொன்ன எல்லாப் படியும் ஏறி வந்த சட்டம் அது.